நிரை, நிரல்: அணியில் எது எந்தப் பக்கம்?

எண்களைக் கட்டமாக அடுக்கிய ‘மேட்ரிக்ஸ்’ தமிழில் அணி. அதில் கிடையாக ஓடும் ‘ரோ’ நிரை, மேலிருந்து கீழே இறங்கும் ‘காலம்’ (column) நிரல். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் வழக்கு இது. இலங்கையில் மேட்ரிக்ஸைத் தாயம் என்பார்கள். நிரையும் நிரலும் அங்கும் அவையேதான்.

மேட்ரிக்ஸ் என்ற பெயரைக் கணிதத்துக்குள் 1850இல் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். இலத்தீனில் அது கருப்பையைக் குறிக்கும். ஒரே எண்கட்டத்திலிருந்து பல அணிக்கோவைகள் (‘டிடர்மினன்ட்’) பிறக்கின்றன என்பது அவர் கணக்கு. தமிழ்ச்சொல் பிறப்பைப் பார்க்கவில்லை, தோற்றத்தைப் பார்த்தது: அணிவகுத்து நிற்பதால் அணி. நிரை பழைய சொல். வெட்சித் திணையில் கவர்ந்து செல்வது ஆநிரை. நிரல் என்றால் ஒழுங்குமுறை. நிகழ்ச்சி நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதை நினைத்துக்கொண்டால் திசை மறக்காது.

சிக்கல் கணினிப் பக்கம்தான். அங்கே நிரல் என்றால் ‘புரோகிராம்’. ‘மூன்றாம் நிரலில் பிழை’ என்று எழுதினால் எதைத் திருத்துவது? நிரலாக்கம் பற்றி எழுதும்போது ‘காலம்’ என்பதற்கு நெடுவரிசை என்பதே நல்லது. ரோவை வெறும் ‘வரிசை’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அணியின் ‘ஆர்டருக்கு’, அதாவது எத்தனை நிரை, எத்தனை நிரல் என்ற அளவுக்கு, அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். நிரை என்றே இருக்கட்டும்.

இந்தத் திசை குழம்பினால் விடையும் குழம்பும். புள்ளியியல் மொழியான ஆர், அணியின் மதிப்புகளை நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கிறது, ஃபோர்ட்ரானும் அப்படித்தான். இரண்டு மாணவர், மூன்று பாடம் என்று வைப்போம். முதல் நிரை 40, 60, 75. இரண்டாம் நிரை 50, 45, 80. பாடவாரித் தேர்ச்சி மதிப்பெண் 35, 50, 70. அணியை இந்த மூன்று எண்ணோடு நேரடியாக >= (சமமோ கூடுதலோ) போட்டு ஒப்பிட்டால், ஆர் அணியை 40, 50, 60, 45, 75, 80 என்று படித்து, எதிரே 35, 50, 70, 35, 50, 70 என்று சுழற்றி வைக்கும். இரண்டாம் பாடத்தில் 60 வாங்கியவர் 70உடன் மோதித் தோற்பார். 45 வாங்கியவர் 35ஐத் தாண்டித் தேறிவிடுவார். அந்தப் பாடத்தில் முடிவு அப்படியே தலைகீழ். ஆறு மூன்றின் மடங்கு என்பதால் எச்சரிக்கைகூட வராது.

சரியான வழி ஆரின் ஸ்வீப் (sweep) செயற்கூறு (‘ஃபங்ஷன்’). அணி, 2, தேர்ச்சி மதிப்பெண்கள், மேற்கோள் குறிக்குள் >= என்று நான்கையும் இதே வரிசையில் கொடுக்க வேண்டும். 1 என்றால் நிரை, 2 என்றால் நெடுவரிசை. ஒப்பிடும் எண்கள் நிரைக்கு ஒன்றாக இருந்தால் ஸ்வீப் தேவையில்லை. சுழற்சி தானே பொருந்திவிடும்.

நிரைவாரியாகவோ நெடுவரிசைவாரியாகவோ கணக்கிடும் அப்ளை (apply) செயற்கூறிலும் அதே 1, 2தான். ஆனால் 1 கொடுத்து, ஒவ்வொரு நிரைக்கும் பல மதிப்புகள் திரும்பி வந்தால், ஆர் அவற்றை நெடுவரிசைகளாக அடுக்கும்: 2×3 உள்ளே போய் 3×2 வெளியே வரும். மூல அணியோடு ஒப்பிட்டால் அளவு பொருந்தவில்லை என்று பிழை காட்டும். சதுர அணியில் அந்தப் பாதுகாப்பும் இல்லை, தவறான விடை அமைதியாக வந்து உட்காரும். அப்ளையின் விளைவை டி (t) செயற்கூறால் நிரைநிரல் மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

ஆரின் மேக்ஸ்.கால் (max.col) செயற்கூறின் பெயரே ஏமாற்றும். அது நெடுவரிசையின் பெருமத்தைத் தராது. ஒவ்வொரு நிரையிலும் பெரிய மதிப்பு எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்று அதன் எண்ணைத் தரும். இரண்டு மதிப்புகள் சமமாக இருந்தால் அவற்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுக்கும். அதனால் ஒரே தரவுக்கு இருமுறை ஓட்டினால் விடை மாறலாம். டைஸ்.மெத்தட் (ties.method) என்ற இடத்தில் ‘ஃபர்ஸ்ட்’ என்று கொடுத்துவிட்டால் எப்போதும் முதலில் வருவதையே எடுக்கும்.