மூன்று மாத சர்க்கரை நார்மல் என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (கெட்டியான சளி நுரையீரலையும் கணையத்தையும் அடைத்துக் கெடுக்கும் பரம்பரை நோய்) உள்ள பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை அண்மையில் என்னிடம் அழைத்து வந்தார்கள். மாதக்கணக்கில் எடை ஏறவில்லை. ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையில் அளவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. ஆன்டிபயாட்டிக்கை மாற்றியிருக்கிறார்கள், செரிமானத்துக்கான என்சைம் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள், பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்வதில்லை என்று அந்தப் பெண்ணைத் திட்டியும் இருக்கிறார்கள். "சர்க்கரை பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துவிட்டோம் டாக்டர். மூன்று மாத சர்க்கரை நார்மல்" என்று அம்மா தாளை நீட்டினார். ஹெச்பிஏ1சி 5.5. பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தார்கள்.

குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்துப் பார்த்தோம். வெறும் வயிற்றில் 92. ஒரு மணி நேரத்தில் 258. இரண்டு மணி நேரத்தில் 219. அறிகுறிகளும் இருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை, நீரிழிவுதான். அந்தச் சிவப்பு மை போட்டவர் மீது எனக்கு வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஹெச்பிஏ1சி என்பது ஒரு சராசரி. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அந்தக் காலத்தில் அதன்மீது ஒட்டிய குளுக்கோஸை அளந்து சொல்கிறோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கணையம் இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. கொஞ்சமாகச் சுரக்கிறது, அதையும் தாமதமாகச் சுரக்கிறது. வெறும் வயிற்றில் இருக்கும்போது அந்தக் கொஞ்சமே போதும். சாப்பிட்டதும் போதாமல் போகிறது. சர்க்கரை விறுவிறுவென்று ஏறுகிறது. தாமதமாக வந்த இன்சுலின் பிறகு அதை இழுத்து இறக்குகிறது, சிலருக்கு 70-க்குக் கீழேயே தள்ளிவிடுகிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நாளில் 5 மணி நேரம் 220, மீதி 19 மணி நேரம் 85 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 113. ஹெச்பிஏ1சி-யாக மாற்றினால் ஏறத்தாழ 5.6. தினமும் 5 மணி நேரம் 220-இல் இருக்கும் ஒருவருக்கு 'நார்மல்' என்று தாள் வருகிறது! போதாக்குறைக்கு, நாள்பட்ட அழற்சியில் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்தால் இந்த எண் இன்னும் குறைவாகவே காட்டும். 6.5-ஐத் தாண்டி வந்தால் நம்புங்கள். தாண்டவில்லை என்பதற்காக நீரிழிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் இதே கதைதான்: இந்த நோயில் கடைசியாகக் கெடுவது அதுதான். நீரிழிவு வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்ப்பது பயனுள்ளது. ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடலாம். கண்டுபிடிப்பதற்கு அதை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க வேண்டிய சோதனை எது என்பதில் குழப்பமே இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது: 10 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 1.75 கிராம் வீதம், அதிகபட்சம் 75 கிராம். இரண்டு மணி நேர அளவு 200-ஐத் தொட்டால் நீரிழிவு. 140-க்கும் 199-க்கும் இடையில் என்றால் எல்லைக்கோட்டு நிலை. ஒரு மணி நேர ரத்தத்தையும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டாவது மணியில் நார்மலுக்கு இறங்கிவிட்டு, முதல் மணியில் 200-க்கு மேல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடக் கூடாது.

பரிசோதனைக்கூட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்த ரத்தத்தை மேசையில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்காதீர்கள். குழாய்க்குள்ளும் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டுதான் இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துவிடும். 208 என்று வர வேண்டியது 195 என்று வந்து ஒரு குழந்தையின் நீரிழிவு ஓராண்டு நம் கண்ணுக்குத் தப்பிப்போவதற்கு அது போதும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் நீரிழிவு வருகிறது. அபூர்வம் என்று யாரும் ஒதுக்க முடியாது. தாகம், அடிக்கடி சிறுநீர் என்று காத்திருக்கவும் முடியாது. எடையும் மூச்சும் அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிடும்.

என்னை அடுத்தபடியாகக் கோபப்படுத்துவது உணவுக் கட்டுப்பாடு. நீரிழிவு என்று சொன்ன மறுநாளே கொழுப்பையும் இனிப்பையும் நிறுத்தி, பிள்ளையின் தட்டைப் பாதியாக்கி விடுகிறார்கள். யாரோ ஒரு தாத்தாவுக்குக் கொடுத்த உணவுப் பட்டியல் வளரும் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. தயவுசெய்து வேண்டாம். இவர்களுக்குச் சாதாரணமாகத் தேவைப்படுவதைவிடக் கூடுதல் கலோரி வேண்டும், கொழுப்பு வேண்டும், உப்பு வேண்டும். சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலினைச் சரிசெய்வது எங்கள் வேலை. இன்சுலினுக்காகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். "மாத்திரையில் சமாளிக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இன்சுலின் ஊசிதான். தசையைக் கட்டுவதும் அதுதான், இருமிச் சளியை வெளியேற்றத் தெம்பு கொடுப்பதும் அந்தத் தசைதான்.

வீட்டில் விரலில் குத்திப் பார்ப்பதற்கு வருவோம். ஒரு சிறுவன் 312 என்று காட்டிய மீட்டரோடு வந்தான். கேட்டால், என்சைம் கேப்சூலைத் திறந்து பழக்கூழில் கலந்து சாப்பிட்ட கையாலேயே குத்தியிருக்கிறான். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தச் சொன்னேன்: 146. கிருமிநாசினி ஜெல் போதாது, அது சர்க்கரையை எடுக்காது. தண்ணீரே இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை வையுங்கள். நல்ல மீட்டரிலும் 15 சதவீதம் முன்பின் வரலாம். மீட்டரை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

இன்சுலின் போடுபவர்கள் நாளுக்கு மூன்று முறையாவது பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து எழுதிய நோட்டை என்னிடம் கொண்டுவராதீர்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். இரவில் குழாய் வழியாக உணவு ஏற்றுபவர்கள் பாதி ஏறியதும் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் இறங்கியிருக்கும்.

மார்புத் தொற்றுக்காக நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் தொடங்கினாலோ, ஸ்டீராய்டு கொடுத்தாலோ, முதல் 48 மணி நேரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்தே ஆக வேண்டும். "ஸ்டீராய்டு சர்க்கரைதானே, தானாகப் போய்விடும்" என்று வார்டில் சொல்லும் இளம் மருத்துவர்களே, 48 மணி நேரம் தாண்டியும் நின்றால் அதன் பெயர் நீரிழிவு. கர்ப்பிணிகளுக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் ஒருமுறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் குளுக்கோஸ் சோதனை.

தோலில் ஒட்டும் சென்சார் ஏற்ற இறக்கங்களைப் பார்க்க அருமையான கருவி. எனக்கும் பிடிக்கும். ஆனால் சில சென்சார்கள் பாராசிட்டமால் அல்லது அதிக அளவு வைட்டமின் சி எடுத்தால் தவறாகக் காட்டும். உடம்பு ஒன்று சொல்லி, திரை வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வெறும் குளுக்கோஸுக்கு என்சைம் தேவையில்லை. கேப்சூலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைசியாக, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் அடிப்படைக் கோளாற்றையே குறிவைத்து 2019 முதல் வந்திருக்கும் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையைத் தொடங்குபவர்களுக்கு: சிலருக்கு இன்சுலின் தேவை குறைந்துவிடுகிறது, பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழும். முதல் சில வாரங்கள் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். தாழ்வு வந்தால் ஊசியை நீங்களாகவே நிறுத்திவிடாமல், எண்களை எழுதிவைத்துக்கொண்டு அன்றே உங்கள் மருத்துவக் குழுவை அழையுங்கள். நீரிழிவு வராதவர்களுக்கும் ஒன்று: மாத்திரை வந்துவிட்டது என்பதற்காக ஆண்டுச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.