முன்பின் தெரியாதவரிடம் ஏன் சீறி விழுகிறோம்?

"என்ன பிள்ளை, சந்நிதியிலையோ மொட்டை அடிச்சது?"

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் நின்ற ஆச்சி ஒருவர் என் மகனின் தலையைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். ஐந்து வயதுப் பிள்ளையை மொட்டைத் தலையோடு கண்டால் இங்கே யாருக்கும் முதலில் வரும் நினைப்பு அதுதான்: செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் நேர்த்திக்கடன் தீர்த்திருக்கிறார்கள். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. நான் சொன்ன பதில்தான் பிழை.

"உங்களுக்கு ஏன் அந்தக் கதை?"

ஆச்சியின் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் பேசாமல் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மூன்று கிழமை கழித்து ஓர் ஆட்டோக்காரர் அதே கேள்வியைக் கிட்டத்தட்ட அதே சொற்களில் கேட்டார். "இல்லை அண்ணை, மருந்தாலை கொட்டினது. திரும்ப முளைக்கும்" என்றேன். அவர் பாட்டை நிறுத்தினார். வீடு வரும்வரை ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

மகனுக்கு இரத்தப் புற்றுநோய். சிறுபிள்ளைகளுக்கு அதிகம் வருகிற லிம்போபிளாஸ்டிக் வகை. சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். வேகமாகப் பிரியும் கலங்களை மருந்து தாக்குவதால் புற்றுநோய்க் கலங்களோடு மயிர்வேரும் அடிபடுகிறது. அதனால்தான் அந்த மொட்டை. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள். ஆச்சிக்கு அப்படிப் பதில் சொன்ன நானும் ஆட்டோக்காரருக்கு இப்படிப் பதில் சொன்ன நானும் ஒரே ஆள்தானே, இடையில் என்ன மாறியது என்று தேடத் தொடங்கினேன். குணம் மாறவில்லை. உடம்பு இருந்த நிலைதான் வேறு.

ஆச்சியைச் சந்தித்த நாளுக்கு முன் இரண்டு இரவுகள் வாட்டில், கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மகனுக்குக் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டியிருந்தது. கீமோ எடுக்கும் பிள்ளைக்கு அப்படிக் காய்ந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அன்று காலை வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது "கவுண்ட் இன்னும் ஏறேல்லை" என்றார்கள். கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையைத்தான் எங்களைப் போன்ற பெற்றோர் எல்லோரும் கவுண்ட் என்போம். காலையில் நான் குடித்தது வெறும் தேத்தண்ணீர். பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கவுண்ட் குறைந்த பிள்ளையோடு சன நெரிசலில் நிற்கிறேன், பின்னால் யாரோ இருமுகிறார்கள்.

இந்த நிலையில் உடம்புக்குள் நடப்பது இதுதான். மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பைப் போன்ற அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடிக்கிறது. அது பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) என்ற மூளைப் பகுதிக்குச் சொல்ல, அங்கிருந்து இரண்டு வழிகளில் ஆணை போகிறது. ஒன்று நரம்பு வழி. சில செக்கன்களில் அதிரினல் சுரப்பி அதிரினலினைக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தசை இறுகும். உடலியலாளர் வால்டர் கேனன் 1915 அளவில் விவரித்த 'சண்டை அல்லது ஓட்டம்' இதுதான். அதிரினலின் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து போய்விடும். இரண்டாவது வழி மெதுவானது. கபச்சுரப்பி வழியாகப் போய்க் கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கச் செய்கிறது. அது உச்சத்துக்கு வரவே இருபது முப்பது நிமிடம் எடுக்கும். பாதியாகக் குறைய இன்னும் ஒரு மணித்தியாலமோ கூடவோ ஆகும். பத்து மணிக்குக் கேட்ட செய்தி பத்தேமுக்காலுக்கும் என் இரத்தத்தில் இருந்தது. ஆச்சி அதற்குள் வந்து நின்றார்.

இந்த நரம்பு வழிக்குத் தமிழில் பரிவு நரம்புத் தொகுதி என்று பெயர். உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து உணர்கின்றன என்ற மிகப் பழைய மருத்துவக் கருத்திலிருந்து வந்த பெயரின் தமிழாக்கம் அது. "மிஸ், பரிவெண்டால் இரக்கம்தானே, அது ஏன் சண்டைக்கு ஆயத்தம் செய்யுது?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது கேட்கும். பெயரின் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தக் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்று இப்போதுதான் புரிகிறது.

ஆனால் நெஞ்சு படபடப்பது மட்டும் ஒருவரைச் சீற வைக்காது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் "பொறு, இந்த மனுசிக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லி வாயைத் தடுத்து வைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக இந்தப் பகுதியை ஆராய்கிறார். நோரதிரினலின், டோபமின் என்ற மூளை இரசாயனங்கள் அளவோடு இருக்கும்போது அது நன்றாக வேலை செய்கிறது. கடும் நெருக்கடியில் அவை பெருகினால் அங்குள்ள நரம்புக்கலங்களுக்கு இடையிலான தொடர்பு தளர்ந்து, வேகமான, பழைய பகுதிகளின் கை ஓங்குகிறது. பாம்பை மிதிக்கப் போகும்போது இது நல்லது. யோசித்துக்கொண்டு நிற்க முடியாதே. மருந்துக்கடையில் பாம்பு இல்லை. அது அமிக்டலாவுக்குத் தெரியாது.

நித்திரை இல்லாதது இதைப் பல மடங்கு மோசமாக்கும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 35 மணித்தியாலம் விழித்திருந்தவர்களுக்குக் கலக்கம் தரும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். நன்றாகத் தூங்கியவர்களை விட அவர்களின் அமிக்டலா சுமார் 60 வீதம் கூடுதலாகக் கொதித்தது. அதை அடக்க வேண்டிய முன்பகுதியோடு அதற்குள்ள தொடர்பும் நலிந்திருந்தது. வாட்டில் இரண்டு இரவு இருந்த எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் இதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனாலும் அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. என்னைக் கெட்டவள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவசரம். இதுபற்றி எனக்குத் தெரிந்த ஆய்வுகளில் மனதை அதிகம் தைத்தது 1973இல் ஜோன் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் குருமார் ஆவதற்குப் படிக்கும் மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் குனிந்து இருமி முனகிக்கொண்டு கிடப்பார். நேரம் தாராளமாக இருந்தவர்களில் 63 வீதமானோர் அவருக்கு உதவ முயன்றார்கள். பிந்திவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 வீதம்தான். மாணவர்களில் பாதிப்பேர் பேசப் போன விடயமே வழிப்போக்கனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அந்த நினைப்புக்கூடப் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. ஆட்டோவில் போன அன்று எனக்குப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இருக்கவில்லை.

ஏன் ஆச்சியிடம்? காலையில் கவுண்ட் சொன்ன டொக்டரிடம் நான் சத்தம் போடவில்லை. தாதி மிஸ்ஸியிடம் "நன்றி" என்றுதான் சொன்னேன். அவர்களிடம் நாளையும் போக வேண்டும். கோபம், பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் போய் இறங்குகிறது. இடம்பெயர்ந்த சீற்றம் என்று உளவியலில் இதைச் சொல்வார்கள். முன்பின் தெரியாதவர் அதற்கு வாய்ப்பான ஆள். இனிக் காணப்போவதில்லை அல்லவா. மனவலிமை என்பது தண்ணீர்த் தாங்கி போல, நாளெல்லாம் அடக்கி அடக்கி மாலையில் வற்றிவிடும் என்றொரு விளக்கம் மிகவும் பிரபலமானது. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து சோதித்துப் பார்த்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லாமல் போனது. ஆகவே அந்த விளக்கத்தை இங்கே நான் தூக்கிப் பிடிக்கவில்லை.

இவ்வளவையும் வாசித்தால் நெருக்கடி மனிதரைக் கல்லாக்கிவிடும் என்று தோன்றும். அது பாதி உண்மைதான். 2000இல் ஷெல்லி டெய்லரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வேறொரு வழியைச் சுட்டிக்காட்டினார்கள்: ஆபத்து வரும்போது உயிர்கள் சண்டைக்கும் ஓட்டத்துக்கும் மட்டும் போவதில்லை, குட்டிகளை அணைக்கின்றன, கூட்டம் சேர்கின்றன. குறிப்பாகப் பெண்களிடம் இது வலுவானது என்றும் ஒக்சிடோசின் ஓமோனுக்கு இதில் பங்குண்டு என்றும் அவர்கள் எழுதினார்கள். ஆனால் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் ஆண்களை மேடைப்பேச்சு, மனக்கணக்கு என்று பதற வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. பதறிய ஆண்கள் மற்றவரைக் கூடுதலாக நம்பினார்கள். காசைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள்.

மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இதைக் கண்ணால் கண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர் தள்ளி, தமிழ் கேட்காத வாட்டில், பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களத் தாய். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் நாலைந்து சொல். முதல் இரவே தன் பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி என் கையில் தந்தார். அவருடைய பிள்ளை என் பிள்ளையை விடக் கடுமையாக இருந்த இரவு அது.

அவரால் எப்படி முடிந்தது? தானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்த ஆய்வுகளில் எனக்கு ஒரு விடை கிடைத்தது. ஒருவர் வலியை அப்படியே நம்முள் வாங்குவது ஒன்று. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்மேல் மனம் நீள்வது வேறொன்று. முதலாவதைப் பயிற்றியபோது துயரப் படங்களைப் பார்த்தவர்களின் மனம் இன்னும் சோர்ந்தது. வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அதே ஆட்களுக்குப் பிறகு இரண்டாவதைப் பயிற்றியபோது சோர்வு குறைந்தது. பற்றோடும் நிறைவோடும் தொடர்புள்ள வேறு பகுதிகள் விழித்தன. வாட்டில் எல்லாப் பிள்ளைகளின் அழுகையையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு கதிரையில் உறைந்து கிடந்தேன் நான். அவர் எழுந்து தண்ணீர் ஊற்றினார். அந்தச் சின்னச் செயல் எனக்கு மட்டும் இதமாக இருந்திருக்காது, அவருக்கும் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கும் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 846 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. கடும் இடர்களைச் சந்தித்தவர்களில், முந்திய ஆண்டில் வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கைகொடுத்தவர்களின் இறப்பு வாய்ப்பை அந்த இடர்கள் கூட்டவில்லை, கொடுக்காதவர்களிடம் கூட்டின. எது காரணம், எது விளைவு என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட முடியாது. உடல்நலம் உள்ளவர்தான் உதவப் போக முடியும் என்பதை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்திருந்தாலும் நான் கவனமாகவே இதைச் சொல்கிறேன்.

எங்களைப் பற்றியே ஓர் ஆய்வு இருக்கிறது. 2004இல் எலிசா எபெலும், பின்னர் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும் 58 தாய்மாரின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். அவர்களில் 39 பேர் நாட்பட்ட நோயுள்ள பிள்ளையைப் பார்ப்பவர்கள். கலத்தின் நிறமூர்த்த நுனியில் டெலோமியர் என்ற உறை உண்டு, வயதாக ஆகக் குறுகும். தங்கள் சுமையை மிகப் பாரமாக உணர்ந்தவர்களின் டெலோமியர், இலேசாக உணர்ந்தவர்களுடையதைவிடக் குறைந்தது பத்து ஆண்டு மூப்படைந்தது போலக் குறுகியிருந்தது. பிள்ளையைப் பார்த்த ஆண்டுகள் கூடக்கூடவும் அது குறுகியது. நோயுள்ள பிள்ளையின் தாய் என்பதால் மட்டும் குறுகவில்லை. இதை வாசித்து, நான் பாரமாக உணர்வது என் குற்றமோ என்று ஒரு தாயும் எண்ணக் கூடாது. பாரத்தை இறக்கி வைக்க ஒரு கதிரை, ஒரு நேரச் சாப்பாடு, ஒரு இரவு மாறியிருக்க ஒரு மாமி வேண்டும் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது.

இந்த ஊரில் முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பது புதிய பழக்கமும் அல்ல. நல்லூர்த் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் யாரென்று கேட்டா மோர் ஊற்றுகிறார்கள்? சந்நிதியானுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். என் மகனுக்கு ஏற்றிய குருதிச் சிறுதட்டுகளை ஏறக்குறைய ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்படியென்றால் அந்தக் கிழமையில் யாரோ ஒருவர் கையை நீட்டிக் கட்டிலில் படுத்திருக்கிறார். அந்த ஆச்சியின் பேரனாகவும் இருக்கலாம்.

சரி, கடையில் நிற்கும்போது என்ன செய்வது? நித்திரையும் நேரமும் அந்த இடத்தில் கிடைக்காது. கிடைக்கக்கூடியது மூச்சு. உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்புச் சற்று விரைகிறது, வெளியே விடும்போது வேகசு நரம்பு அதைத் தணிக்கிறது. வெளிமூச்சை நீட்டினால் தணிக்கும் நேரமும் நீள்கிறது. இதை எனக்குச் செய்து காட்டியது பாடப்புத்தகம் அல்ல, ஒரு மிஸ்ஸி. ஊசி போடும்போது மகனிடம் சவர்க்கார நுரைக் குழாயைக் கொடுத்து "பெரிய குமிழி ஒண்டு விடுங்கோ பாப்பம்" என்பார். பெரிய குமிழி வர வேண்டுமென்றால் மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். அவன் ஊதி முடிக்க ஊசியும் முடிந்திருக்கும்.

இப்போது கேள்வி வந்ததும் உதட்டைக் குவித்து ஒரு முறை ஊதிவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "என்ன அக்கா, பிள்ளைக்கு நேர்த்தியோ?" என்றார். ஊதினேன். மடியில் இருந்தவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்கும் ஊசியோ?"