நீலத்தைத் தாங்கி நிற்கும் ஒற்றைக் கார்பன்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மைப்பேனாவில்தான் எழுதுவேன் என்கிறாள். கடையில் நீல மையே நாலு விதம் வைத்திருக்கிறார்கள். எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

நாலும் நீலம்தான். ஆனால் ஒன்று தண்ணீர் பட்டால் ஓடும், ஒன்று வெயிலில் வெளுக்கும், ஒன்று தாளின் மறுபக்கம் ஊறும். எது எப்படி என்று பார்க்க வடிதாள் (ஃபில்டர் பேப்பர்), வெற்றிலைச் சுண்ணாம்பு, வினிகர் மூன்றும் போதும்.

முதல் நிபந்தனை: ஒரே பேனா, ஒரே தாள். நிப்பு மாறினாலே மையின் நிறம் மாறித் தெரியும். பருமனான நிப்பு அதிக மை விடும், கோடு அடர்த்தியாகும். முந்தைய மை போகும்வரை பேனாவைக் கழுவி, நிப்பைக் கீழ்நோக்கிப் பஞ்சுத்தாளில் ஒரு இரவு நிறுத்தி வையுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் புதிய மையை நீர்க்கச் செய்துவிடும், மை வெளிறியது என்று தவறாக முடிவு கட்டுவோம்.

புட்டியை முதலில் கண்ணால் பாருங்கள். தலைகீழாகக் கவிழ்க்கும்போது அடியில் வண்டல் ஒட்டியிருந்தாலோ, மேலே வெள்ளை நூல்போல் பூஞ்சை மிதந்தாலோ, அந்தப் புட்டி வேண்டாம். பூஞ்சை பிடித்த மை பேனாவுக்குள் போனால், நிப்புக்கு அடியில் இருக்கும் வரிப்பள்ளக் கட்டையை அடைத்துவிடும்.

அடுத்து எழுதிப் பாருங்கள். 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நகல் தாளிலும், மகள் பயன்படுத்தும் நோட்டிலும் ஐந்தாறு வரி. கோட்டின் ஓரத்தில் முடிபோல் மை பரவுகிறதா, மறுபக்கம் புள்ளி புள்ளியாக ஊறுகிறதா என்று கவனியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு 5, 10, 20, 30 நொடிகளில் விரலால் தேய்த்தால் காயும் நேரம் தெரியும். மூடியைத் திறந்து பேனாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து மறுபடி எழுதுங்கள். வேலூர்க் கத்திரி வெயிலில் நிப்பின் நுனியிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகும். கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருள் மையில் குறைவாக இருந்தால் முதல் எழுத்தே வராது. வந்தாலும், தண்ணீர் குறைந்து கெட்டியான மை என்பதால் முதல் சில சொற்கள் கருநீலமாக விழும். ஆகவே நிறத்தை அரைப் பக்கம் எழுதிய பிறகே தீர்மானியுங்கள்.

இப்போது வடிதாள். இரண்டு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு. அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் குச்சி முனையால் சிறு பொட்டு வைத்து நன்றாகக் காயவிடுங்கள். டம்ளரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் விட்டுத் துண்டை அதில் நிறுத்துங்கள். பொட்டு தண்ணீருக்குள் முங்கினால் மை டம்ளரில் கரைந்துவிடும். பொட்டு பெரிதாக இருந்தால் நிறங்கள் பிரியாமல் வால் பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரே நீலப் பொட்டு சில சமயம் ஊதா, வான்நீலம் என்று அடுக்கடுக்காகப் பிரியும். சாய மூலக்கூறில் சல்போனேட் என்ற எதிர்மின் தொகுதிகள் இருப்பதால்தான் அது தண்ணீரில் கரைகிறது. தாளின் செல்லுலோஸும் நீரில் சிறிது எதிர்மின் தன்மை கொள்ளும். அதனால் தாளைப் பிடித்துக்கொள்ளாத சாயம் தண்ணீரோடு மேலே ஓடும், பிடித்துக்கொள்வது பின்தங்கும். மேலே ஓடுகிற சாயம், மழைத்துளி விழுந்தாலும் ஓடிவிடும். ஒரு நாள் காய்ந்த எழுத்தின்மேல் ஒரு துளி நீர் விட்டு ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தால் இதை நேரிலேயே பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் அழகான சோதனை சுண்ணாம்பில்தான் இருக்கிறது. பட்டாணி அளவு வெற்றிலைச் சுண்ணாம்பை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, இரண்டு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்கும் குறைவாகவே கரையும். கரைந்த அளவே காரத்தன்மையை 12.4 பிஹெச்சுக்கு ஏற்றிவிடும். கண்ணில் படாமல் கவனம் தேவை. காய்ந்த எழுத்தின்மேல் ஒரு துளி வையுங்கள். 'ராயல் புளூ' வகை மையானால், சில நிமிடங்களில் எழுத்து வெளிறி மறையத் தொடங்கும். உடனே இரண்டு மூன்று துளி வினிகர் விடுங்கள். நீலம் திரும்பி வரும்.

சாயம் எங்கும் போகவில்லை, தாளிலேயேதான் இருந்தது. ராயல் புளூ மைகளில் பெரும்பாலும் டிரைஅரைல்மீத்தேன் குடும்பச் சாயம்தான் இருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகள்போல் மூன்று பென்சீன் வளையங்கள், நடுவில் ஒரே ஒரு கார்பன். எலக்ட்ரான்கள் அந்த நடுக் கார்பன் வழியாக மூன்று வளையங்களிலும் பரவியிருக்கின்றன. இப்படி விரிந்து பரவிய எலக்ட்ரான்களை மேலே தூண்டச் சிறிது ஆற்றலே போதும். ஆரஞ்சு-சிவப்பு ஒளியே அதைக் கொடுத்துவிடும். அந்த ஒளியைச் சாயம் விழுங்கிவிட, மிஞ்சுவது கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது.

நடுக் கார்பனுக்கோ எலக்ட்ரான் பற்றாக்குறை. சுண்ணாம்பு நீரிலுள்ள ஹைட்ராக்சைடு வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அந்தக் கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒற்றைப் பிணைப்புகளாகி நாலு திசைக்கு விலகுகின்றன. வளையங்களுக்கு இடையில் இருந்த பாலம் அறுந்தது. தனித்தனி வளையங்கள் புற ஊதாவை மட்டுமே விழுங்கும், அதனால் நமக்கு நிறமே இல்லை. வினிகரின் அமிலம் அந்த ஹைட்ராக்சைடை நீராக்கிப் பிரித்துவிட, பாலம் மீண்டும் கூடுகிறது. ஒரு மூலக்கூறின் நிறம் முழுவதும் ஒற்றை அணுவில் தொங்குவதை வீட்டுச் சமையலறையில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு!

எழுத்தழிக்கும் பேனாக்களில் இதே கார்பனைச் சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மம் பிடிக்கிறது. அழித்த இடத்தில் அதே மையால் மறுபடி எழுத முடியாததற்குக் காரணமும் அதுதான்: தாளில் மிச்சமிருக்கும் சல்ஃபைட் புதிய சாயத்தையும் பிடித்துவிடும்.

சில மைகளில் சுண்ணாம்பு வைத்தும் வான்நீலம் அசையாமல் நிற்கும். அவற்றில் பிரில்லியன்ட் புளூ போன்ற சாயம் இருக்கலாம். அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் நடுக் கார்பனுக்கு மிக அருகிலேயே ஒரு சல்போனேட் உட்கார்ந்திருக்கிறது. அது எதிர்மின், வரும் ஹைட்ராக்சைடும் எதிர்மின். இடமும் இல்லை, ஈர்ப்பும் இல்லை. ஒரு தொகுதி எந்த மூலையில் இருக்கிறது என்பதே சாயத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் காரத்தால் எலக்ட்ரான் பரவல் மாறுவதே. இத்தகைய நிறமாற்றங்களை அருள், செய்வினை என்று சொல்லிக் காசு பறிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை இந்தச் சோதனையைத் தன் கையால் செய்ய வேண்டும். பெரிய கருவிகளுக்கு ஒதுக்கும் முன், வடிதாளும் சோதனைக் குழாயும் வாங்க அறிவியல் ஆசிரியர் கையில் ஆண்டுதோறும் ஒரு தொகை தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுண்ணாம்பு வைத்ததும் நீலம் போய் அடியில் கறுப்போ பழுப்போ கோடு தங்கினால், அது இரும்பு மை. இதன் வேதியியல் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குக் கைப்பழக்கம். கடுக்காயும் ஆவாரம் பட்டையும் போட்டுப் பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும், துவைத்தாலும் போகாது. சவ்வாது மலைக் கடுக்காயை ஊறவைத்த நீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டால் நடப்பதும் அதுவே: கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து, காற்றின் ஆக்சிஜனால் கரையாத கருமையாகின்றன. மையில் இருக்கும் நீலச் சாயம் எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும். நிலைக்கும் எழுத்து தாளின் நாருக்குள் பிறகு உருவாகிறது. புட்டியில் 'புளூ பிளாக்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், பலவற்றில் வெறும் சாயமே உண்டு. இரும்பு மை அமிலத்தன்மை உள்ளது. பேனாவில் வாரக்கணக்கில் காயவிட்டால் சாதாரண எஃகு நிப்பு அரிக்கும். பத்திரம், விண்ணப்பம் எழுத இது. வீட்டுப்பாடத்துக்கு ராயல் புளூ போதும், சட்டையில் சிந்தினாலும் பெரும்பாலும் துவைத்தால் போகும்.

பிளீச்சிங் பவுடர் கரைசலாலும் எழுத்தை அழித்துப் பார்க்கலாம். அது சாயத்தையே சிதைப்பதால் நீலம் திரும்பாது. அந்தத் தாளில் மட்டும் வினிகரை விடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

வெயில் சோதனைக்கு எழுதிய துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே பென்சில் கோடு ஒன்று இருக்கட்டும். கரி வெளுக்காது, ஒப்பிட உதவும். டிரைஅரைல்மீத்தேன் சாயங்கள் ஒளிக்கு வலுவற்றவை என்பதால் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு பளிச்சென்று தெரியலாம்.

கடைசியாகத் தண்ணீர். தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். அந்த நீரால் மையை நீர்க்கச் செய்தால் சோதனை முடிவு மாறும். பேனாவைக் கழுவினால் வரிப்பள்ளங்களில் வெள்ளை உப்புப் படியும். முதல் அலசலைக் குழாய் நீரில் செய்துவிட்டு, கடைசி இரண்டு அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள்.