பிட்ச் சென்சிடிவ்: மூக்குத் துடி

"பிட்ச் கொஞ்சம் சென்சிடிவ்." பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர்களிடையே அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது சொல்வார். கை லேசாக அசைந்தாலே விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடிவிடுகிறது என்று அர்த்தம். பாராட்டா குறையா என்பது அவர் குரலைப் பொறுத்தது. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'சுருதி உணர்திறன்' என்று வந்து நிற்கும். விமானம் வீணை வாசிக்கப் போகிறதோ என்று தோன்றும்.

முதலில் பிட்ச். நடுக்கால ஆங்கிலத்தில் இந்த வினைக்குக் குத்து, ஊன்று, நடு என்பதுபோன்ற பொருள்கள். கூடாரம் அடிப்பதும் பிட்ச்தான். கிரிக்கெட்டில் ஸ்டம்பு ஊன்றிய இடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இசையில் சுருதி ஆயிற்று. திருகில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி ஆயிற்று. நம் பாடப்புத்தகம் அதைப் புரியிடைத் தூரம் என்கிறது. கீல் என்று நாம் சொல்லும் கறுப்புப் பிசினுக்கும் ஆங்கிலத்தில் இதே ஒலிதான், ஆனால் அது லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். விமானத்துக்கு வந்தது கப்பல் வழியாக. அலையில் கப்பலின் அணியம், அதாவது முன்முனை, குத்தி இறங்கி மறுபடி எழும் ஆட்டத்தை மாலுமிகள் பிட்ச் என்றார்கள். பக்கவாட்டு ஆட்டமான ரோலும் மூக்கு இடம் வலமாகத் திரும்பும் திசை விலகலான 'யா' என்பதும்கூட அப்படிக் கடலிலிருந்து வானுக்கு ஏறியவைதாம்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'குத்து' கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பட்டம் தலைகீழாகப் பாய்ந்தால் 'குத்துது' என்போம். ஆனால் குத்து கீழ்நோக்கி மட்டுமே போகும். பிட்ச் மேலும் போகும். அடுத்து முகம், ஆட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். புணர்ந்து 'முகவாட்டம்' ஆகி, விமானம் சோகமாகிவிட்டது! ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மூக்கு என்றே சொல்வதால் மூக்காட்டம் என்பதே சரி என்று நினைக்கிறேன். மேலே போனால் மூக்கேற்றம், கீழே வந்தால் மூக்கிறக்கம்.

சென்சிடிவ் என்பதற்கு 'உணர்திறன்' போடுவதில்தான் எனக்கு வம்பு. உணர்திறன் உணரும் பொருளுக்கு உரியது. கேமராவுக்கோ தோலுக்கோ சொல்லலாம். இங்கே விமானம் எதையும் உணரவில்லை. கை சிறிது அசைந்தால் மூக்கு நிறைய அசைகிறது, அவ்வளவுதான். இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: துடி. துடியான காளை, துடியான பிள்ளை என்போம். ஊர் எல்லையில் இருக்கும் சாமியை 'ரொம்பத் துடியான சாமி' என்றால், சின்னப் பிழைக்கும் உடனே காட்டிவிடும் என்று பொருள். பாராட்டும் பயமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பிட்ச் சென்சிடிவ் என்பதிலும் அந்த இரண்டும் இருக்கின்றன. ஆகவே, மூக்குத் துடி.

இந்தத் துடி எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-4 விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் வடிவமைத்தது. 1979-இல் முதலில் பறந்தது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். ஓட்டுபவர் முன்னால், நண்பர் பின்னால், அவருக்கும் பின்னால் பெட்டி. நண்பரின் எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தை, அதாவது விமானத்தின் எடை சமன்படும் புள்ளியை, பின்னுக்கு இழுக்கும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கும். விமானத்தில் பின்பாரம் ஏற ஏற, மூக்கை ஏற்றி இறக்க ஓட்டுபவர் கையில் பிடிக்கும் கோலான ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கக் கைக்குத் தேவைப்படும் பலம் குறைந்துகொண்டே வரும். பெட்ரோல் தொட்டிகள் வேறு இறக்கையின் முன்விளிம்பில் இருக்கின்றன. பறக்கப் பறக்க அந்த முன்பாரம் கரையும். அதனால் புறப்பட்டபோது கைக்குக் கிடைத்த எதிர்ப்பு இறங்கும்போது இருக்காது.

தனியாகப் பறந்து பழகியவர் அன்று நண்பரோடு இறங்குகிறார். ஓடுதளத்துக்குச் சில அடி மேலே, வழக்கமான பலத்தோடு ஸ்டிக்கை இழுக்கிறார். மூக்கு சட்டென்று ஏறுகிறது, விமானம் மிதந்து மேலே போகிறது. பதறித் தள்ளுகிறார். மூக்கு இறங்குகிறது, சக்கரம் தரையில் மோதித் துள்ளுகிறது. மறுபடி இழுக்கிறார். கை எப்போதும் அரை நொடி பிந்தியே இருப்பதால் ஒவ்வொரு திருத்தமும் ஆட்டத்தைக் கூட்டுகிறது. அனுபவசாலிகள் முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஸ்டிக்கை விரல் நுனிகளால் பிடிப்பது இதற்காகத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்டிக் எத்தனை அங்குலம் நகர்ந்தது என்பதை விட, எவ்வளவு எதிர்த்தது என்பதைத்தான் கை நன்றாக அறியும். எனவே சான்றிதழ் பெறும் சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதி ஒரு கீழ்வரம்பை வைத்திருந்தது. இறக்கைக்கு அனுமதித்த உச்சச் சுமையை எட்ட, ஸ்டிக்கை இழுக்கும் பலம் விமான எடையில் 140-இல் ஒரு பங்கோ 15 பவுண்டோ, எது அதிகமோ அந்த அளவாவது இருக்க வேண்டும்; 35 பவுண்டுக்கு மேல் கேட்கத் தேவையில்லை. 1,500 பவுண்டு விமானத்துக்குக் கணக்குப் போட்டால் 10.7 வருகிறது, ஆகவே 15. ஏறத்தாழ 6.8 கிலோ. தெரியாத்தனமாக இழுத்து இறக்கையை ஒடித்துவிடக் கூடாது என்பதுதான் இதன் உட்பொருள். வீட்டில் கட்டும் விமானத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. கட்டியவரே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் அது ஒழுங்கான சோதனைதான்.

பெரிய விமானங்களும் இந்தத் தொல்லைக்குத் தப்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயருக்குக் கருவிகள் ஏற ஏறப் பின்பாரம் கூடியது. ஸ்டிக்கின் இணைப்பில் ஓர் எடையைத் தொங்கவிட்டார்கள். விமானம் வளைந்து இழுக்கும்போது அந்த எடையும் கனத்து, ஸ்டிக்கை முன்னால் தள்ளும். கைக்கு எதிர்ப்பு கிடைக்கும். 2009-இல் செனித் சி.எச். 601 எக்ஸ்.எல். விமானங்கள் வானில் முறிந்த விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இறக்கையின் அதிர்வை முதன்மையாகச் சந்தேகித்தது. கூடவே ஸ்டிக்கின் எதிர்ப்பு குறைவாக இருப்பதையும் குறிப்பிட்டது.

கடைசியாக, 'கண்ட்ரோல் ஃபீல்': ஸ்டிக்கைப் பிடித்த கைக்கு விமானம் எப்படித் தெரிகிறது என்பது. கட்டுப்பாட்டு உணர்வு என்றால் மன அடக்கம் மாதிரி ஒலிக்கிறது. நான் கைப்பதம் என்பேன். மாவுக்கும் பாகுக்கும் பதம் பார்ப்பதும் கைதானே. ஒரு விமானம் துடியாக இருந்துகொண்டே நல்ல கைப்பதத்தோடும் இருக்கலாம்: லேசாக அசையும், ஆனால் விட்டால் நடுவுக்குத் திரும்பும், இழுக்க இழுக்கச் சீராகக் கனக்கும். துடி குறைவாக இருந்தும் பதம் கெட்ட விமானமும் உண்டு. வாலுக்குப் போகும் தண்டில் எங்கோ பேரிங் இறுகி உரசினால், ஸ்டிக் முதலில் அசையாது, அப்புறம் ஒரேயடியாக நகரும். ஓட்டிவிட்டு இறங்குகிறவர் அதையும் "பிட்ச் சென்சிடிவ்" என்றே சொல்லக்கூடும். அப்போது தேட வேண்டியது எண்ணெய்க் குப்பியை.