கானாவின் எண்ணெய்ப் பணம்: ஊருக்கு வந்ததா என்று எழுதிக் கேட்பது எப்படி

அந்தப் பள்ளிக்கூடச் சுவர் ஜன்னல் உயரத்தோடு நின்றுபோயிருந்தது. உள்ளே ஆளுயரப் புல். வாசலில் நட்டிருந்த தகரப் பலகையில் எழுத்தெல்லாம் வெளுத்து, 'மூன்று வகுப்பறை' என்பது மட்டும் மிச்சம். கானாவின் மேற்குக் கடற்கரையில், தக்கோராடியைத் தாண்டிப் போனால் வரும் மீனவ ஊர் அது. நான் தக்கோராடியில் வேலை பார்த்த காலத்தில், அங்கே புகை போட்ட மீன் விற்கும் ஒரு அம்மா என்னை அழைத்துப்போய்க் காட்டினார். எண்ணெய்ப் பணத்தில் கட்டுகிறோம் என்று சொல்லித்தான் இடம் கேட்டார்களாம். விசாரிக்க ஆறு தடவை அலுவலகம் போயிருக்கிறார். ஆறு தடவையும் 'கோ அண்ட் கம்' என்றுதான் பதில். நம்மூர் அலுவலகங்களில் கேட்கும் 'போயிட்டு அப்புறம் வாங்க' அப்படியே அதேதான்.

ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நாள் வியாபாரம் போனது. அவர் வந்து கேட்டதற்கோ எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை. இந்த விளக்கம் அதற்காகத்தான். கானாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் படித்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாலே போதும்.

பின்னணி சுருக்கமாக. 2007இல் கேப் த்ரீ பாயிண்ட்ஸ் கடலில் ஜூபிலி எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தார்கள். 2010 டிசம்பரில் எண்ணெய் வந்தது. 2011இல் பெட்ரோலிய வருவாய் மேலாண்மைச் சட்டம், எண் 815, வந்தது. அரசு எண்ணெய் நிறுவனத்தின் பங்கு போக, மதிப்பிட்ட வருவாயில் 70 சதவீதம் வரை பட்ஜெட்டுக்குப் போகலாம். மீதி இரண்டு நிதிகளில் சேரும். ஒன்று விலை விழும் காலத்துக்கு, மற்றது அடுத்த தலைமுறைக்கு. அப்புறம் 2019இல் தகவல் உரிமைச் சட்டம், எண் 989. முதல் சட்டம் பணம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறது, இரண்டாவது அதைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கையில் இரண்டும் வேண்டும்.

பலரும் முதலில் ஏமாறுவது 'எங்கள் கடலில் எடுத்த எண்ணெய், எங்களுக்குத் தனிப் பங்கு உண்டு' என்ற நம்பிக்கையில். மேற்குப் பகுதித் தலைவர்கள் 10 சதவீதம் கேட்டார்கள், சட்டத்தில் அது இடம்பெறவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் திட்டமும் அந்தச் சட்டத்தில் கிடையாது. 'உங்கள் பங்கை வாங்கித் தருகிறேன், பதிவுக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று யாராவது வந்தால் ஒரு செடிகூட (செடி என்பது கானா நாணயம்) கொடுக்காதீர்கள். கிடைக்க வாய்ப்புள்ளவை பட்ஜெட் வழியே வரும் சாலை, பள்ளி, சுகாதார நிலையம் போன்றவை. அவற்றுக்குத்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 815ஆம் சட்டத்தின் கீழ் 'பியாக்' என்றொரு மேற்பார்வைக் குழு உண்டு. தொழிற்சங்கம், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், மதக் குழுக்கள், பாரம்பரியத் தலைவர்கள் என்று 13 பேர். எண்ணெய்ப் பணம் போன இடங்களை அறிக்கையாக வெளியிடுகிறார்கள், களத்துக்குப் போயும் பார்க்கிறார்கள். அந்த அறிக்கையில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். இருந்தால், திட்டத்தின் பெயரையும் தொகையையும் வருடத்தையும் எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். தண்டிக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு இல்லை. அதனால் புகாரை அங்கே கொடுத்துவிட்டு உத்தரவு வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

அறிக்கையில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் வேறு நிதியில் வந்ததாக இருக்கலாம். மாவட்டங்களுக்கும் கல்விக்கும் தனித்தனி நிதிகள் உண்டு. எண்ணெய்ப் பணம் என்று நீங்களே முடிவு செய்து எழுதினால் 'எண்ணெய்ப் பணத்தில் அப்படி ஒரு திட்டம் இல்லை' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையான பதிலும்கூட, உங்களுக்குத்தான் ஒன்றும் கிடைத்திருக்காது. எந்த நிதி என்பதையே கேள்வியாக வையுங்கள்.

'எண்ணெய்ப் பணம் எங்கே போனது' என்று எழுதவே எழுதாதீர்கள். ஒரு கட்டடம், ஒரு வருடம், குறிப்பிட்ட காகிதங்கள், அவ்வளவுதான். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி: 'இன்ன ஊரில் மூன்று வகுப்பறைக் கட்டடத்துக்கு எந்த நிதியிலிருந்து, எந்தத் தேதிகளில், எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது? ஒப்பந்தத்தின் நகல், வேலை முடிந்ததாகக் கொடுத்த சான்றின் நகல், பணம் விடுவித்த சீட்டின் நகல் வேண்டும்.' முன்னுரையோ கோபமோ இல்லை. காரணமும் இல்லை. காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அவசரம் என்று கேட்டால் மட்டும் அதற்குக் காரணம் எழுத வேண்டும். 'எதற்கு உங்களுக்கு?' என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டவரும் கேட்கலாம், உரிமை எல்லா நபர்களுக்கும் உரியது.

எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுதிக்கொள்வது தகவல் அதிகாரியின் கடமை. அந்த அம்மா ஆறு தடவை வாயால் கேட்டதையும் யாராவது எழுதியிருக்க வேண்டும். இதை எத்தனை அலுவலகங்களில் மறைத்துவிடுகிறார்கள் என்று நினைத்தாலே மனசு ஆறமாட்டேன் என்கிறது.

சரி, மனு கொடுக்கும் நாள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். அடையாள அட்டை நகலும் இருக்கட்டும். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் விழாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். எங்களுக்கு முதலில் 'முத்திரை வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார்' என்றார்கள். உட்கார்ந்தோம். அம்மா மடியில் மனுவை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, பக்கத்து மேசை இழுப்பறையிலிருந்தே முத்திரை வந்தது. ஊதா மை கொஞ்சம் கலங்கியிருந்தது, தேதி மட்டும் தெளிவு. அந்தத் தேதி இல்லாவிட்டால் அடுத்த படி எதுவுமே எடுக்க முடியாது.

அடுத்து வருவது அலைக்கழிப்பு. மாவட்ட மன்றம் 'அமைச்சகத்தைக் கேளுங்கள்' என்னும், அமைச்சகம் 'ஒப்பந்ததாரரைக் கேளுங்கள்' என்னும். தகவல் தங்களிடம் இல்லையென்றால், அது இருக்கும் அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிப்பது அவர்கள் வேலை. நீங்கள் பஸ் ஏறித் தலைநகர் அக்ராவுக்குப் போக வேண்டாம். 'மாற்றி அனுப்பி, எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்' என்று அங்கேயே கேளுங்கள்.

பணம் கேட்டால்? நகல் எடுக்கும் செலவுக்குத்தான் கட்டணம். தேடியதற்கோ நேரத்துக்கோ கிடையாது. 2021இல் சுரங்க ஆணையம் ஒரு செய்தி நிறுவனத்திடம் 6,000 செடி கேட்டது. விஷயம் தகவல் உரிமை ஆணையத்துக்குப் போனது, அந்தத் தொகையை ஆணையம் ஏற்கவில்லை. தொகை பெரிதாக இருந்தால் எந்த விதியின் கீழ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பல நேரம் அதிலேயே தொகை இறங்கிவிடும்.

'ஒப்பந்தம் ரகசியம்' என்பது இன்னொரு பதில். எண்ணெய் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களையே பெட்ரோலிய ஆணையம் 2018 முதல் இணையப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. அப்படியிருக்க, மூன்று வகுப்பறைக் கட்டடத்தில் ரகசியம் என்ன இருக்கிறது?

முடிவு சொல்ல 14 நாள். பதில் வராவிட்டால் மறுத்ததாகவே எடுத்துக்கொண்டு, அதே அலுவலகத்தின் தலைவருக்கு மறுபரிசீலனை மனு கொடுங்கள். அதற்கு 30 நாள்தான் அவகாசம். அவர்களுக்கான நாளை எண்ணும்போது சனி, ஞாயிறைக் கழித்து எண்ணுங்கள். உங்களுக்கான கெடுவை எண்ணும்போது எல்லா நாளையும் சேர்த்து எண்ணுங்கள். அப்போது 'சீக்கிரம் வந்துவிட்டீர்கள்', 'தாமதம்' என்ற இரண்டு சாக்குக்கும் இடமில்லை. இந்தப் படியைத் தாண்டி நேரே தகவல் உரிமை ஆணையத்துக்குப் போனவர்களை 'முதலில் அங்கே போங்கள்' என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். வரிசைப்படியே போங்கள்.

அந்த அம்மாவுக்கு மறுபரிசீலனை மனுவுக்குப் பிறகு பதில் வந்தது. இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பள்ளி 'வேலை முடிந்தது' என்று இருந்தது. நான் படித்துச் சொன்னதும் அவர் கையிலிருந்த மீன் கூடையைக் கீழே வைத்தார். அன்று மாலையே பள்ளிக்குப் போய், புல்லும் பாதிச் சுவரும் தெரிகிற மாதிரி அவரை நிற்க வைத்துப் படம் எடுத்தோம். அந்தப் படமும் அந்த இரண்டாம் பக்கமும் சேர்ந்து பியாக் குழுவுக்கும், ஊர் மாவட்ட மன்ற உறுப்பினருக்கும், ஒரு வானொலி நிலையத்துக்கும் போயின. மூலப் பிரதி அம்மாவின் வீட்டில், மீன் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. அதை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நகல் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.