ரெஸ்யூமில் எட்டு மொழி, கையில் எத்தனை?

புதியவர்களை நேர்காணல் செய்யும்போது ரெஸ்யூமில் நிரல் மொழிகள் இருக்கும் வரிக்குத்தான் என் கண் முதலில் போகும். சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். சரி என்று, மைனஸ் 1-ஐ 7-ஆல் வகுத்தால் இந்த மொழிகளில் மீதி எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்பேன். பைத்தானில் 6. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்டில் மைனஸ் 1. மீதி எடுக்கும் குறி ஒன்றுதான், அதே சதவீதக் குறி (%), விடைதான் வேறு.

வேண்டுமென்றே மடக்கும் கேள்வி இல்லை இது, நானே அடிபட்டுக் கற்றது. கிழமை கணக்கிடும் சின்ன நிரல் ஒன்றை பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு வரிக்கு வரி மாற்றினேன். ஞாயிறு 0, சனி 6; ஞாயிறிலிருந்து ஒரு நாள் பின்னால் போனால் 6 வர வேண்டிய இடத்தில் ஜாவா மைனஸ் 1 கொடுத்தது, கிழமைப் பெயர்களை வரிசையாக வைத்திருந்த பட்டியலில், அதாவது அரேயில், அப்படி ஓர் இடமே இல்லை என்று நிரல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழும் என்பதால் வாரநாள் தேதிகளை வைத்து நான் செய்த சோதனையில் சிக்கவேயில்லை. விழுந்ததே நல்லது என்பேன்: ஜாவாஸ்கிரிப்டாக இருந்தால் அந்த இடத்தில் மதிப்பே இல்லை என்று சத்தமில்லாமல் போயிருக்கும், சி-யில் அரேக்கு வெளியே மெமரியில் கிடக்கும் எதையாவது எடுத்து நீட்டியிருக்கலாம்.

ஒன்றுபோலத் தெரியும் மொழிகள்தான் இப்படிக் காலை வாரும். பத்து மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வரிகள்) எழுதத் தெரிவதால் இது பிடிபடாது. முதல் மொழியில், இணையத்தில் தேடாமல் ஒரு முழு நிரல் எழுதி, அதில் வந்த பிழையை நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்யும் அளவுக்கு வாருங்கள், அப்புறம் இரண்டாவதற்குப் போங்கள். அந்த இரண்டாவது மொழி கொஞ்சம் முரண்டு பிடிப்பதாக இருக்கட்டும். பைத்தான் மட்டும் எழுதியவருக்கு முழு எண்ணுக்கு ஓர் எல்லை இருக்கும் என்றே தோன்றாது. ஜாவாவில் இன்ட் என்ற முழு எண் வகை 2147483647-ஐத் தாண்டினால் மைனஸ் 2147483648-க்குக் குதிப்பதைப் பார்த்த பிறகுதான், பைத்தான் இவ்வளவு நாள் தனக்காக என்ன செய்துகொண்டிருந்தது என்று புரியும். எழுதிய பழைய நிரல் ஒன்றையே புது மொழியில் திரும்ப எழுதிப் பாருங்கள், பாடம் படிப்பதைவிட வேகமாக ஏறும்.

தரவுத்தளத்திலிருந்து தகவல் கேட்டு வாங்கும் எஸ்க்யூஎல்லைப் (SQL) பலர் மொழிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 1970களில் வந்தது, இன்றும் பெரும்பாலான வேலைகளில் கை வைத்தே ஆக வேண்டும். எப்படிச் செய்வது என்று சொல்லாமல் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கும் மொழி அது, லூப் போட்டே பழகிய மூளைக்கு முதல் வாரம் திணறும்.

ஒருமுறை பைத்தான், எஸ்க்யூஎல் இரண்டை மட்டும் எழுதியிருந்த ஒருவர் வந்தார். மீதிக் கேள்விக்கு, "பைத்தானில் 6 சார், மற்றதில் தெரியாது, ஓட்டிப் பார்க்கலாமா?" என்றார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.