இணையதளத்தில் குரல்: பிளே பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

1990களின் கடைசியில் ஒரு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால் கேட்காமலே இசை கிளம்பும். இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில் அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. பெரும்பாலும் அது மிடி கோப்பு. மிடிக்குள் ஒலியே கிடையாது. எந்தச் சுரத்தை, எந்தக் கருவியில், எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டும்தான் இருக்கும். வாசிப்பது நம் கணினி. அதனால் சில கிலோபைட்டுக்குள் ஒரு முழுப் பாட்டே டயல்-அப் இணைப்பில் வந்து சேர்ந்தது.

மனிதக் குரலை அப்படிச் சுரக்குறிப்பாக எழுதி அனுப்ப முடியாது. காற்றழுத்தம் ஏறி இறங்குவதையே அளந்து எண்களாக்க வேண்டும். சிடி தரம் என்றால் விநாடிக்கு 44,100 அளவீடுகள். ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க அதன் வேகத்தைவிட இரு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும். நம் காதின் எல்லையோ சுமார் 20,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுகள். ஒவ்வோர் அளவீட்டுக்கும் 16 பிட் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்), இடது வலது என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரு நிமிடப் பேச்சு 10 மெகாபைட்டைத் தாண்டிவிடும். "எங்களைப் பற்றி" பக்கத்தில் முதலாளி ஐந்து நிமிடம் பேசுவதைக் கேட்க யார் 50 மெகாபைட் செலவழிப்பார்கள்?

இதற்கு வழி கிடைத்தது காதின் பலவீனத்தில். தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காது. பலத்த ஒலி, தன் அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடுகிறது. அது நின்ற பிறகும் சுமார் பத்தில் ஒரு விநாடி அந்த மறைப்பு நீடிக்கிறது. விசித்திரம் என்னவென்றால், பலத்த ஒலி வருவதற்குச் சில மில்லிவிநாடி முன்னால் எழுந்த மெல்லிய ஒலியும் அதில் மறைந்துபோகிறது.

1993இல் எம்பெக் என்ற சர்வதேச ஒலி-காட்சித் தரநிலைக் குழுவின் தரநிலையாக வெளியான எம்பி3 இந்த மறைப்பைத்தான் பயன்படுத்துகிறது. அதன் உருவாக்கத்தில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்துக்கும் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்குக்கும் பெரும் பங்கு உண்டு. "கேட்காததை நீக்கிவிடும்" என்று பலரும் இதைச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஒலியை 26 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதிர்வெண்வாரியாகப் பிரிக்கிறது. அப்புறம் எந்த அதிர்வெண் பட்டையில் எவ்வளவு பிழைவரை காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு எண்களைத் தோராயமாக்குகிறது. அதாவது, பிழையைத் தெரிந்தேதான் செய்கிறது; ஆனால் அது மறையும் இடமாகப் பார்த்து வைக்கிறது.

பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. ஒற்றைத் தடத்தில் விநாடிக்கு 64 கிலோபிட் போதும். நிமிடத்துக்கு 480 கிலோபைட்தான். 2012இல் வந்த ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறை, ஸ்கைப்பின் பேச்சு நுட்பத்தையும் இசைக்கான இன்னொரு நுட்பத்தையும் சேர்த்துக்கொண்டதால் 24 கிலோபிட்டிலேயே பேச்சைத் தெளிவாகத் தருகிறது. இவ்வளவு இறுக்கியபின் பேச்சுக்கு அடியில் கீபோர்டு இசையை ஓடவிடுவது வீண். இருக்கிற கொஞ்சம் பிட்டுகளை இசையும் குரலும் பங்குபோட்டுக்கொண்டு, இரண்டும் கலங்கிப்போகும்.

சரி, இப்போது பட்டனை அழுத்துகிறோம். உலாவி முழுக் கோப்புக்கும் காத்திருப்பதில்லை. வரவர ஒலிக்கத் தொடங்கிவிடும். நடுவில் தாவினால், "இந்த பைட் முதல் அனுப்பு" என்று கேட்கும். சர்வர் 206 என்ற குறியீட்டுடன் அந்தப் பகுதியை மட்டும் தரும். சர்வர் இதற்கு ஒத்துழைக்காத தளங்களில்தான் இழுத்த இடத்துக்கு ஒலி போகாமல் அடம்பிடிக்கும்.

அழுத்தாமலே ஒலிக்கவைக்கும் ஆசை சில நிறுவனங்களுக்கு இன்னும் விடவில்லை. 2017இல் சஃபாரியும், 2018 ஏப்ரலில் குரோமும், 2019 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் அதற்குக் கடிவாளம் போட்டன. பொதுவாக, பக்கத்தில் நீங்கள் எதையாவது தொடும்வரை ஒலிக்க அனுமதி இல்லை. பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரல்மீது இன்னொரு குரல் ஏறினால், ஒலியை நிறுத்தும் பட்டன் எங்கே என்றுகூட அவர்களால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பேசியதை எழுத்திலும் கொடுத்துவிட்டால் காது கேளாதவர்களுக்கும் தேடுபொறிக்கும் ஒருசேர உதவும்.

என் கணிப்பில், வரவேற்புரையைவிடப் பொருளின் சத்தத்துக்குத்தான் ஒலிப்பதிவு தேவை. மிக்ஸி எவ்வளவு இரைச்சல் போடும் என்பதை டெசிபலில் எழுதினால் யாருக்கும் புரியாது. ஆனால் மிக்ஸியை மட்டும் பதிவுசெய்தாலும் பயனில்லை. கேட்பவர் வால்யூமைக் குறைத்துவைத்திருந்தால் எல்லா மிக்ஸியும் சாதுதான். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேச, அதே மைக்கில், அதே தூரத்தில் மிக்ஸியை ஓடவிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுக் கருவியில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது பேச்சை உயர்த்தி, மிக்ஸியை அடக்கி, இரண்டையும் சமமாக்கிவிடும்.